34 வயதில் ஃபித்யாவா? இளவயதுப் பக்கவாதமும் மீண்டு வரும் வழியும்

ரமளானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகனுக்கு வயது 34. துபாயில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஐந்து மாதங்களுக்கு முன் அங்கேயே பக்கவாதம் தாக்கி, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், ஊருக்கு அழைத்து வரப்பட்டிருந்தார். “ஹஜரத், எம் புள்ளையால இனிமே நோன்பு வைக்க முடியாது. வருஷத்துக்கு ஃபித்யா எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா மொத்தமா எடுத்து வச்சிடுவோம்” என்றார்.

நாமும் கணக்குச் சொல்லத் தயாராகிவிட்டோம். ஒரு பேச்சுக்குத்தான், “டாக்டர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டோம். “டாக்டரு அங்கே பார்த்ததோட சரி ஹஜரத். ஊருக்கு வந்த பொறவு எண்ணெய் தேய்க்கிறோம், ஓதி ஊதுறோம், வர்மம் பாக்குறவரு வாரத்துக்கு ஒருவாட்டி வர்றாரு” என்று பதில் வந்தது.

ஃபிக்ஹு நூல்கள் இந்த இடத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரிக்கின்றன. குணமாகும் என்று எதிர்பார்க்கப்படும் நோயாளி நோன்பை விட்டுவிட்டு, பின்னர் கழாச் செய்ய வேண்டும். குணமாகும் என்ற நம்பிக்கை அற்றுப்போனவருக்குத்தான் ஃபித்யா. ஒருவர் இதில் எந்த வகை என்பதை ஆலிம் தாமாகத் தீர்மானிக்க முடியாது. நம்பகமான, திறமையுள்ள மருத்துவரின் சொல்லை வைத்தே அதை முடிவு செய்ய வேண்டும் என்று அதே நூல்கள் கூறுகின்றன. இந்தப் பாடத்தை மாணவர்களுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறோம். இருந்தும் பக்கவாதம் என்ற சொல்லைக் கேட்டதுமே, 34 வயது இளைஞர் ஒருவரை மருத்துவரிடம் கேட்காமலேயே நம்பிக்கை அற்றவர் பட்டியலில் எழுதப் பார்த்தோம். அவருடைய வீட்டாரும் ஊராரும் ஐந்து மாதங்களாகச் செய்ததும் இதுதான்.

முதலில் மறுவாழ்வு சிகிச்சை தரும் மருத்துவரைப் பாருங்கள், ஃபித்யாவைப் பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பினோம். பின்னர் அவரோடு நாமும் சிலமுறை மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டவற்றையும், அதன்பின் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். இந்த நிலையில் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

இளைஞர்களுக்கும் வருமா?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அதை நம்பியிருந்த மூளைப்பகுதி செயலிழக்கிறது. இதுவே பக்கவாதம். முதியவர்களின் நோய் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் உலக அளவில் பக்கவாதம் வருவோரில் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் பேர் 50 வயதைத் தொடாதவர்கள். புகை, கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை இளைஞர்களையும் தாக்குகின்றன. இவற்றோடு இளம் வயதினருக்கே உரிய காரணங்களும் உண்டு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் பழுதுபட்ட இதய வால்வு, கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவரில் ஏற்படும் கிழிசல், ரத்தம் எளிதில் உறையும் தன்மை போன்றவை அவை.

பெண்கள் விஷயத்தில் நம் வீடுகள் கவனிக்க வேண்டியவை இரண்டு. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் உறைவு ஏற்பட்டும் பக்கவாதம் வரும். நம் நாட்டில் பிரசவத்திற்குப் பின் வரும் வாரங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. உடலில் நீர் வற்றுவதும் அதற்கு ஒரு காரணம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று 40 நாளும் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. மார்க்கத்தில் இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. இரண்டாவது, ரமளானிலும் ஹஜ்ஜிலும் மாதவிடாயைத் தள்ளிப்போடச் சாப்பிடும் மாத்திரைகள். நோன்பு மாதத்தில் இத்தகைய ஹார்மோன் மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்களுக்கு மூளைச் சிரைகளில் உறைவு ஏற்பட்டதை ஈரான் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல அது. அந்த நாட்களில் நோன்பை விடுவது அல்லாஹ் தந்த சலுகை. அதை வாங்கிக்கொள்வதில் குறை எதுவும் இல்லை.

இளைஞர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பார்ப்பவர் யாருக்கும் பக்கவாதம் என்று தோன்றாது. நாம் சொன்ன இளைஞர் இரவில் குழறிப் பேசியபோது, வேலைக் களைப்பு என்று நினைத்து அறைத் தோழர்கள் படுக்க வைத்துவிட்டார்கள். காலையில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். சில ஊர்களில் இளைஞன் வாய் குழறினால் குடித்திருக்கிறான் என்று சந்தேகிப்பார்கள், அல்லது ஜின் என்பார்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு திடீரெனக் குழறினாலோ, வயது என்னவானாலும் 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்திற்குள்தான் போட முடியும். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியைக் குழாய் வழியாக எடுக்கிறார்கள். ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன.

போன கை எப்படித் திரும்புகிறது?

அழிந்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை. அப்படியானால் விழுந்த கை எப்படி எழுகிறது?

முதல் சில வாரங்களில் அழிந்த பகுதியைச் சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது. சாகாமல் திகைத்து நின்ற செல்கள் வேலைக்குத் திரும்புகின்றன. நாம் பார்க்கும் முதல் முன்னேற்றத்தில் ஒரு பங்கு இதனால் வருவது, தானாகவே நடப்பது. அந்த நேரத்தில் எண்ணெய் தேய்த்தவர் எண்ணெயால் என்பார், தாயத்துக் கட்டியவர் தாயத்தால் என்பார். அந்த முன்னேற்றம் சில வாரங்களில் நின்றதும் “இவ்வளவுதான்” என்று எல்லோரும் கைவிடுகிறார்கள்.

அடுத்து நடப்பது தானாக நடப்பதில்லை. அழிந்த பகுதி செய்த வேலையில் ஒரு பகுதியை அக்கம்பக்கத்து மூளைப்பகுதிகள் ஏற்றுக்கொள்ளும். அந்த வேலையைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் ஏற்கும். தோப்புக்குள் ஒற்றையடிப் பாதை ஆட்கள் நடக்க நடக்கத்தான் விழும், நடக்காவிட்டால் புல் மூடிவிடும். மூளைக்குள்ளும் அப்படித்தான். இளவயது மூளைக்கு இந்தத் திறன் பொதுவாகக் கூடுதல் என்பதால்தான் மருத்துவர்கள் இளைஞர்களிடம் நம்பிக்கையோடு பேசுகிறார்கள்.

புல் மூடுவதை ஆராய்ந்து சொன்னவர் அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டாப். விழுந்த கையை அசைக்க முயன்று சிலமுறை தோற்றபின், நோயாளி நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுகிறார். பின்னால் அந்தக் கைக்குச் சக்தி திரும்பியிருந்தாலும் அதைப் பயன்படுத்தத் தோன்றுவதில்லை. பயன்படுத்தாமல் இருக்க மூளை பழகிக்கொண்டுவிடுகிறது. இதற்கு அவர் கண்ட வைத்தியம் கேட்பதற்குக் கடுமையானது: நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிவிடுவது! 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் இப்படிச் செய்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கை உறைக்குள் இருக்க, பலவீனமான கையால் மணிக்கணக்கில் பயிற்சி நடந்தது. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட இவர்களுடைய கை நன்றாக வேலை செய்தது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதாவது விரியும் நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இம்முறை பொருந்தும் என்பதால், வீட்டிலேயே யாரும் நல்ல கையைக் கட்டிவிட வேண்டாம்.

எத்தனை முறை செய்தால் பாதை விழும்? விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை ஒரே அசைவைச் செய்ய வைத்தபோதுதான் மூளையில் மாற்றம் தெரிந்தது. 2009-இல் வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். கைக்கான பயிற்சி நடந்த ஒரு அமர்வில் நோயாளி பயன்படும்படியான அசைவைச் செய்தது சராசரியாக 32 முறை. அரை மணி நேரம் பிசியோதெரபிஸ்ட் வந்து போனார், பணமும் கொடுத்தோம், ஆனால் கை தேறவில்லை என்று சொல்பவர்கள் இந்த எண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும். மீதி நூற்றுக்கணக்கான முறை அவர் போனபின் நோயாளியே செய்ய வேண்டியது. பிறர் பிடித்து ஆட்டிவிடுவது மூட்டு இறுகாமல் காக்கும். ஆனால் பாதை விழ நோயாளியின் சொந்த முயற்சி வேண்டும்.

காலம் கடந்துவிட்டதா என்பதுதான் அந்தத் தாயின் அடுத்த கேள்வி. முதல் மூன்று மாதங்களில்தான் வேகமான முன்னேற்றம் என்பது உண்மை. அதற்குப் பிறகு கதவு சாத்தப்படும் என்பது உண்மையல்ல. லண்டனில் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் கைக்கென்றே தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. மூன்று வாரத்தில் 90 மணி நேரப் பயிற்சி. 2019-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் இருந்த 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்களுக்கும் கை முன்னேறியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

அதிகம் செய்தால் எப்போதும் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே நோயாளியை எழுப்பித் தீவிரமாக நடக்க வைத்தால் நல்லதா என்று 2104 பேரிடம் ஆய்வு நடந்து 2015-இல் முடிவு வந்தது. அப்படிச் செய்தவர்களின் நிலை சற்றுக் குறைவாகவே இருந்தது. எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

பணம் இல்லை, பெரிய இயந்திரங்கள் உள்ள மருத்துவமனைக்குப் போக முடியாது என்று மனம் உடைபவர்களுக்கு ஒரு செய்தி. உடலைக் கயிற்றில் தாங்கி ஓடுபாதை இயந்திரத்தில் நடக்க வைக்கும் சிகிச்சையையும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து தரும் பயிற்சியையும் அமெரிக்காவில் 408 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2011-இல் வந்த முடிவின்படி, நடை தேறியதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அப்படியானால் குடும்பத்தாரே கற்றுக்கொண்டு செய்தால் போதுமா? இதை நம் இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் சோதித்தார்கள். வீட்டார் ஒருவருக்குச் சில நாள் பயிற்சி தந்து அனுப்பினார்கள். 2017-இல் வெளியான முடிவில், ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறர் துணையை நம்பியிருந்தவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். வீட்டாரின் பாசம் அவசியம்தான், ஆனால் பயிற்சி பெற்றவரின் தொடர்ந்த கண்காணிப்புக்கு அது மாற்று அல்ல என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம்.

நம் வீடுகளில் நடப்பது

அந்த இளைஞரின் வீட்டில் பாசத்திற்குக் குறைவே இல்லை. உம்மா சோறு ஊட்டிவிட்டார். தங்கை சட்டை போட்டுவிட்டார். தண்ணீர் கேட்டு அவர் வாயைத் திறப்பதற்குள் குவளை வந்தது. ஐந்து மாதத்தில் அந்த வலது கைக்கு ஒரு வேலைகூடக் கொடுக்கப்படவில்லை. பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் செய்தது, உம்மாவை அறைக்கு வெளியே உட்கார வைத்ததுதான். அந்தத் தாய் அழுதார். மகன் சட்டைக்குள் கை நுழைக்க 20 நிமிடம் பிடித்தது.

தூக்கி உட்கார வைக்கும்போது வலது கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். விழுந்த கையின் தோள் மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். அதன்பின் வலியால் பயிற்சியே செய்ய முடியாமல் போகும். இடுப்பைத் தாங்கித்தான் எழுப்ப வேண்டும். உணர்ச்சி குறைந்த கையில் வெந்நீர்ப்பை வைத்துப் புண்ணாக்கியவர்களும் உண்டு. படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றுவது இன்னும் மோசம். விழுங்கும் தசைகளும் தளர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சல் ஆகிவிடும்.

புறா ரத்தம் தேய்த்தால் வாதம் தீரும் என்று யாரோ சொல்லி, அதற்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஓடும் ரத்தம் நஜீஸ். பயன் தரும் ஹலாலான சிகிச்சை கையருகே இருக்கும்போது இதற்கு அனுமதி இல்லை, மருத்துவத்திலும் இதற்கு ஆதாரம் இல்லை. ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. சுன்னத்தான முறையில் ஓதலாம், துஆச் செய்ய வேண்டும். நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கிராமத்து அரபிகளுக்குச் சொன்ன பதில் அபூதாவூதில் இருக்கிறது. ஓதுவது மருத்துவத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்காமலிருக்க அது காரணமாகிவிடக் கூடாது.

பேச்சு விஷயத்தில் உம்மாவுக்கு வேறொரு மனக்குறை இருந்தது. “அல்ஹம்து சூராவைத் தடங்கல் இல்லாம ஓதுறான் ஹஜரத். என்ன வேணும்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். வேணும்னே பண்றானோ?” இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, சிறுவயதிலிருந்து ஓதிவரும் சூரா ஆகியவை வரிசையாகத் தாமே வருபவை. புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பேசுவதற்கு மூளை வேறு வழிகளை நம்பியிருக்கிறது. இடது மூளை பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு முன்னது தங்கி, பின்னது போய்விடும். ராகமாகச் சொல்ல வைத்துப் பேச்சை வரவழைக்கும் முறை ஒன்றை அமெரிக்காவின் போஸ்டனில் 1970-களிலேயே உருவாக்கினார்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் இன்றும் சிலருக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். பேசச் சிரமப்படுபவரிடம் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அவருக்குப் பதில் நாமே முடித்துவைக்கக் கூடாது. பேச்சு வராததால் அறிவு போய்விட்டது என்று நினைத்து, அவர் எதிரிலேயே அவருடைய சொத்தையும் மனைவியையும் பற்றிப் பேசுவது பெரிய அநியாயம்.

தொழுகையும் உளூவும்

மஃதூர் ஆகிவிட்டார், இனி நாற்காலிதான் என்று ஒருமுறை சொன்னால் அது ஆயுளுக்கும் பொருந்தாது. மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன வழிமுறை புகாரியில் உள்ளது. நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்பது அதன் கருத்து. மேலே இருந்து கீழே இறங்கும் படிகளாகத்தான் நாம் இதைப் படிக்கிறோம். மீண்டு வருபவருக்கு இதுவே ஏறும் படி. படுத்துத் தொழுதவர் உட்கார முடிந்த நாளில் உட்கார்ந்து தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஃபர்ளில் சிறிது நேரமே நிற்க முடிந்தாலும் அவ்வளவு நேரம் நிற்க வேண்டும். முடியாததற்காக முடிந்தது தள்ளுபடியாகாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. இதை பிசியோதெரபிஸ்டிடம் சொன்னபோது, தாமும் நோயாளிகளிடம் இதைத்தான் நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சிரித்தார்.

உளூவிலும் அப்படியே. ஆரம்பத்தில் தங்கை ஊற்ற, உம்மா கழுவிவிட்டார். பிறகு வலது கையை இடது கையால் தாமே தேய்த்துக் கழுவச் சொன்னோம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வேளைக்கு மூன்று முறை, மறந்துபோன அந்தக் கையைக் கண்ணால் பார்த்து, தொட்டு, முழங்கை வரை போவதாயிற்று. குழாயைத் திறக்கும் வேலையை வலது கைக்கே ஒதுக்கினார். அது திரும்பிய நாளில் வீட்டில் எல்லோரும் குளியலறை வாசலில் நின்றார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஸஜ்தாவில் மூளைக்கு ரத்தம் பாய்வதால் தொழுபவருக்குப் பக்கவாதமே வராது என்று செய்திகள் கைப்பேசியில் சுற்றுகின்றன. அந்த இளைஞர் ஐவேளைத் தொழுகையாளி. அவருடைய கைப்பேசிக்கும் அச்செய்தி வந்தது. அதைப் படித்த அன்று, தம் தொழுகையை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளவில்லையோ என்று எழுதிக் காட்டிக் கேட்டார். தொழுகை அல்லாஹ்வின் கட்டளை, உடற்பயிற்சித் திட்டம் அன்று. அதற்கு இல்லாத மருத்துவப் பலனை ஏற்றிச் சொல்பவர்கள், நோயாளியின் தலையில் குற்றவுணர்வை ஏற்றுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாதவை

நடக்க ஆரம்பித்துவிட்டால் குணமாகிவிட்டார் என்று ஊர் சொல்லிவிடும். நெதர்லாந்தில் நைமேகன் நகர மருத்துவர்கள் 18 முதல் 50 வயதுக்குள் பக்கவாதம் வந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் அன்றாட வேலைகளில் பிறர் உதவியை எதிர்பார்க்கும் நிலையில் இருந்தார். ஐந்தில் இரண்டு பேருக்குத் தீராத அசதி இருந்தது. கை கால் நன்றாக இருந்தவர்களிலும் நினைவும் கவனமும் குறைந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் பழையபடி ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. இளைஞர் என்பதால் முழுமையாகத் தேறியே தீருவார் என்ற எதிர்பார்ப்பும், இளைஞரை முடங்கியவர் என்று எழுதிவைப்பதைப் போலவே அவரைக் காயப்படுத்தும்.

அந்த அசதி சோம்பல் அல்ல. பத்து மணிக்கே களைத்துப் படுக்கும் மருமகனைப் பார்த்து முகம் சுளிக்கும் மாமியார்களுக்கும் இதைச் சொல்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. அழுவார், பயிற்சிக்கு வர மறுப்பார், வாழ்ந்து என்ன என்பார். ஈமான் குறைந்துவிட்டது என்று நாம் பயான் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. சிகிச்சை தராவிட்டால் கை கால் பயிற்சியும் நின்றுவிடும். கணவன் மனைவி உறவைப் பற்றியும் பல இளம் தம்பதிகள் வெட்கத்தால் கேட்பதில்லை. உடல் நிலைபெற்றபின் பெரும்பாலோருக்கு அதில் தடை இல்லை. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நன்றாகிவிட்டது என்று ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு இரண்டாம் முறை விழுபவர்கள் இளைஞர்களிலும் இருக்கிறார்கள்.

உதவிகளும் இருக்கின்றன. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை உள்ளது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. அதைத் தொடங்கக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நிரந்தரமாகத் தங்கிவிட்ட குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று தந்தால் அரசுச் சலுகைகளுக்கு வழி உண்டு. அரசுப் பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தனியார் வேலையும் வளைகுடா வேலையும் அப்படி அல்ல. அங்கேதான் ஜமாஅத்தின் பைத்துல்மால் முன்வர வேண்டும். மாதம் ஒரு நோயாளிக்கு பிசியோதெரபி ஆட்டோ செலவை ஏற்பது பெரிய தொகை அல்ல.

அந்த இளைஞருக்கு வலது கை முழுதாகத் திரும்பவில்லை. குவளையைப் பிடிக்கிறார், சட்டைப் பொத்தான் இன்னும் வரவில்லை. காலில் ஸ்பிளின்ட் போட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்து வருகிறார். இரண்டாம் வரிசையின் ஓரத்தில், தூணைப் பிடித்து நின்றே தொழுகிறார். பேச்சு மெதுவாக வருகிறது. மச்சானுடைய மளிகைக் கடையில் பாதி நாள் கணக்குப் பார்க்கிறார், இடது கையால் எழுதி.

ஃபித்யாவுக்கு எடுத்து வைத்த பணத்தை உம்மா ஆட்டோவுக்கே செலவழித்துவிட்டார். மருத்துவர் மாத்திரை நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தந்து, நோன்பு வைக்க அனுமதித்தது அடுத்த ரமளானில்தான். விட்டுப்போன முதல் ரமளானின் 30 நோன்புகளைப் பகல் குறுகிய கார்த்திகை மார்கழியில் திங்களும் வியாழனும் வைத்து வருகிறார். இதை எழுதும் நாளில் 19 முடிந்திருக்கிறது, 11 பாக்கி.